சைக்கிளுக்கு ஓர் ஒட்டியாணம்

சைக்கிளுக்கு ஒட்டியாணம் பூட்டிப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? பொழுது சாய்ந்த பிறகு எங்கள் திருப்பாச்சூருக்கு வாருங்கள். வாசீஸ்வரரைத் தரிசித்துவிட்டுச் சாலையோரம் சற்று நில்லுங்கள். காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து திரும்பும் பிள்ளைகள் சிலரின் சைக்கிள்கள் பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டு போகும். எல்.இ.டி. பட்டை விளக்காம்!

நான் அதற்கு விரோதியல்ல. பழைய டைனமோ விளக்கு, சக்கரம் சுழன்றால்தான் எரியும்; ரயில்வே கேட்டில் நின்றால் அணைந்துவிடும். பட்டை விளக்கு நின்றாலும் எரியும், லாரிக்காரர் கண்ணிலும் படும். நீல ஒளி டயோடை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

என் சண்டையெல்லாம் அதற்கு மின்சாரம் கொடுக்கும் விதத்தோடுதான். என் அக்காள் மகன் பாட்டரிக் கம்பிகளை முறுக்கி, ஸீட்டுக்கு அடியில் சொருகியிருந்தான். சுவிட்ச்? கம்பியைச் சேர்த்தால் எரியும், பிரித்தால் அணையும்! குண்டும் குழியுமான சாலையில் கம்பியின் மேலுறை தேயாமல் இருக்குமா? சைக்கிளோ முழுதும் இரும்பு. இரண்டு கம்பியும் அதைத் தொட்டால், மின்சாரம் விளக்கை மறந்து குறுக்கு வழியில் பாயும். லிதியம் பாட்டரியானால் கம்பி பழுக்கக் காய்ந்துவிடும். அதுவும் உட்காரும் இடத்துக்கு அடியில்!

திருவள்ளூர்க் கடைத்தெருவில் ஒரு எலெக்ட்ரீஷியன் கணக்குப் போட்டுக் காட்டினார். மீட்டருக்கு 60 சிறு விளக்குள்ள 12 வோல்ட் பட்டை, ஒரு மீட்டருக்குச் சுமார் 5 வாட் இழுக்கும். அதாவது அரை ஆம்பியருக்கும் குறைவு. ஆகவே பாட்டரியின் பாஸிடிவ் முனையை ஒட்டியே 1 ஆம்பியர் பியூஸ், அதற்கு அடுத்து சுவிட்ச், பிறகுதான் பட்டை. பியூஸைப் பட்டைக்குப் பக்கத்தில் போட்டால், நடுவில் தேயும் கம்பிக்குக் காவல் ஏது? இணைப்புகளை ஈயம் பற்றவைத்து, ஸ்லீவ் மாட்டச் சொன்னார். பாட்டரிக்குள் பாதுகாப்பு போர்டு இருக்கவேண்டும். அதைக் கழற்றி, அதற்கே உரிய சார்ஜரில்தான் போடவேண்டும். இத்தனையும் வேண்டாமென்றால் 5 வோல்ட் பட்டையும் ஒரு பவர் பாங்க்கும் போதும் என்றார்.

மழைக்குப் பட்டையின் வெட்டிய முனையைச் சிலிக்கான் பூசி அடைத்தாயிற்று. ஆனால் பட்டை விளக்கு பிறர் நம்மைப் பார்க்கத்தான். நாம் பள்ளத்தைப் பார்க்க முன்னால் தனி விளக்கு வேண்டாமா? "முதல் தேதி சம்பளத்தில் வாங்கிவிடுகிறேன், சித்தி" என்கிறான் பையன். எந்த மாதத்து முதல் தேதி என்றுதான் சொல்லவில்லை.