நிப்பாணியில் நிற்காத இரவு

ஒரு சகோதரனைக்குறித்து நான் தவறாக நினைத்திருந்ததையும், அந்த நினைவு எப்படி மாறியது என்பதையும் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் சபை நவி மும்பையில் இருக்கிறது. சபைக்கு வருகிறவர்களில் அநேகர் சேலம், நாமக்கல், திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அவர்களில் ஒருவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவரை ஆராதனையில் காணமுடியும். வந்தாலும், ஆராதனை முடிந்தவுடன் வாசலில் கைப்பேசியோடு நிற்பார். "அத்திப்பள்ளியில் என்ன ரேட்? நிப்பாணியில் வரிசை இருக்கிறதா?" என்று யாரிடமாவது கேட்டுக்கொண்டிருப்பார். கலம்போலி லாரி நிறுத்தத்தில் இருக்கும் நண்பர்களோடும் அதே பேச்சுதான். ஒரு லிட்டருக்கு ஐந்து, ஆறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு மனிதன் இவ்வளவு கவலைப்படுவானா என்று நான் நினைத்ததுண்டு. ஒருமுறை என் மனைவியிடம், "இந்தத் தம்பிக்குச் சிந்தையெல்லாம் பணத்தின்மேல் இருக்கிறது" என்றும் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைக்காகப் பின்பு வெட்கப்பட்டேன்.

2023-ஆம் ஆண்டில் உறவினர் ஒருவரின் அடக்கத்திற்காகச் சேலத்திற்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் இந்தச் சகோதரன் சேலத்தில் ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கலம்போலிக்குப் புறப்பட இருந்தார். "ஐயா, உங்களுக்கு வசதியாக இராது, ஆனாலும் வாருங்கள், நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்றார். அப்படியாக ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தூரம் அவருக்கு அருகில் உட்கார்ந்து பயணம் செய்தேன்.

தொப்பூர் கணவாயைத் தாண்டியபின் நான் மெதுவாகக் கேட்டேன்: "தம்பி, டீசல் எங்கே போடுவது என்பது உங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய காரியம்?"

அவர் சிரித்தார். "ஐயா, நீங்கள் கேட்டதே நல்லது. முதலாளிகூட இதைப் பொறுமையாகக் கேட்கமாட்டார்" என்று சொல்லி, எனக்கு ஒரு பாடமே நடத்தினார். வேதாகமக் கல்லூரியில் படித்த எனக்கு அந்தக் கணக்கு அதுவரை தெரியாது.

2017 ஜூலை முதல் நாளில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபொழுது, மாநில எல்லைகளில் விற்பனை வரிக்காக லாரிகள் காத்துக்கிடந்த சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஆனால் பெட்ரோலும் டீசலும் அந்த வரிக்குள் கொண்டுவரப்படவில்லை. மத்திய அரசின் கலால் வரி நாடெங்கும் ஒன்றே. 2022 மே மாதக் குறைப்புக்குப்பின் அது டீசல் லிட்டருக்கு 15 ரூபாய் 80 காசாக இருந்தது. அதற்குமேல் ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைப் போடுகிறது. நாங்கள் பயணம் செய்த நாட்களில் கர்நாடகத்தில் அது 14.34 சதவீதம். மகாராஷ்டிரத்தில் 21 சதவீதம். மும்பை, தானே, நவி மும்பைப் பகுதிகளில் 24 சதவீதம். தமிழ்நாட்டில் 11 சதவீதமும், லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். கலால் வரியும் சேர்ந்த விலையின்மேல் மாநில வரி கணக்கிடப்படுவதால் வரிக்கும் வரி உண்டாகிறது. ஆகவே பெங்களூரில் 88 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக விற்ற டீசல், சென்னையிலும் மும்பையிலும் 94 ரூபாயைத் தாண்டி விற்றது.

"என் வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கும் ஐயா. டாங்க் 350 லிட்டர் கொள்ளும். நிப்பாணி கர்நாடகத்தின் கடைசி ஊர். அங்கிருந்து கலம்போலி 380 கிலோமீட்டர் அளவு. போக 95 லிட்டர், வர 95 லிட்டர். நிப்பாணியில் நிரப்பிக்கொண்டால் மும்பைக்குப் போய்ச் சரக்கை இறக்கி, வேறு சரக்கு ஏற்றி, மறுபடியும் நிப்பாணிக்கே வந்துவிடலாம். மகாராஷ்டிரத்தில் ஒரு சொட்டும் வாங்கவேண்டியதில்லை. தெற்கே போகும்போது அத்திப்பள்ளியில் நிரப்பினால் சேலம் போய்த் திரும்பி வரலாம்" என்றார்.

"அப்படியானால் அத்திப்பள்ளியிலேயே முழுவதும் நிரப்பிக்கொள்ளலாமே?" என்றேன்.

"டீசலுக்கும் எடை உண்டு ஐயா. 350 லிட்டர் என்றால் ஏறக்குறைய 290 கிலோ. சரக்கோடு எடைமேடையில் ஏறும்போது அதுவும் கணக்கில் வரும். நிறைந்த டாங்க்கோடு இரவில் ஒதுக்கி நிறுத்தினால் திருடர் பயமும் உண்டு. மேலும் முதலாளியின் கணக்கு நிப்பாணிப் பக்கத்துப் பங்க்கில்தான் இருக்கிறது. கலப்படம் இல்லாத இடம்" என்றார். விலை குறைவு என்று கேள்விப்பட்டு நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகிறவர்களைக்குறித்தும் சொன்னார். பதினைந்து கிலோமீட்டர் உள்ளே போய்த் திரும்பினால் முப்பது கிலோமீட்டர். அதற்கே ஏழரை லிட்டர், அதாவது அறுநூறு ரூபாய்க்கு மேல் செலவாகும். லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைவென்றால், முந்நூறு லிட்டர் போட்டாலும் கிடைத்த ஆதாயம் வழியிலேயே தீர்ந்துபோகும். மலிவான பங்க் வரையில் ஓடிவிடலாம் என்று நம்பி, டாங்க் வறண்டு, குழாயில் காற்று அடைத்து, மலைப்பாதையில் மெக்கானிக்குக்காக இரவெல்லாம் காத்திருந்தவர்களும் உண்டாம்.

எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. அமெரிக்காவின் 48 மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருக்கின்றன. அதன்படி லாரிக்காரர்கள் எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினார்கள், எங்கே எவ்வளவு எரிபொருள் வாங்கினார்கள் என்று மூன்று மாதத்திற்கு ஒருமுறை கணக்குக் கொடுக்கவேண்டும். ஓடின தூரத்தின்படி அந்தந்த மாநிலத்திற்கு வரி பிரித்துக் கொடுக்கப்படும். ஆகவே வரி குறைந்த மாநிலத்தில் வாங்கியதனால் மாத்திரம் அங்கே ஆதாயம் இல்லை. வரி நீங்கலான விலையைத்தான் அவர்கள் பார்க்கவேண்டும். நம் நாட்டில் அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லை. வாங்கின இடத்தில் கொடுத்த வரி அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகையால் நம் ஓட்டுநர்கள் எல்லைக்கோட்டைக் கவனித்தே ஓட்டவேண்டியிருக்கிறது.

மறுநாள் இரவு எட்டுமணி அளவில் நிப்பாணியை நெருங்கினோம். டாங்க்கில் முப்பது லிட்டர்தான் மீதி இருந்தது. அவர் சொன்ன பங்க்கில் லாரிகள் சாலைவரையில் வரிசையாக நின்றன. "இரண்டு மணிநேரம் ஆகும் ஐயா. நீங்கள் தேநீர் குடியுங்கள்" என்று சொல்லி வரிசையில் வண்டியை நிறுத்தினார்.

அப்பொழுது அவருடைய மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. ஏழு வயது மகளுக்குக் காய்ச்சல் அதிகமாகி மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். இரத்தம் தேவைப்படலாம், ஆட்களை ஆயத்தமாக வைத்திருங்கள் என்று மருத்துவர் சொன்னாராம். அந்தச் சகோதரிக்கு இந்தியும் மராத்தியும் சரளமாக வராது. இரவில் தனியாக அங்கே இருந்தார்.

நான் உடனே சபையின் வாலிபர்களுக்கும் மூத்த சகோதரி ஒருவருக்கும் தொலைபேசியில் சொன்னேன். அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். இவர் ஒரு நிமிடம் வரிசையைப் பார்த்தார். பின்பு வண்டியைத் திருப்பி நெடுஞ்சாலையில் ஏற்றினார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. எல்லையைத் தாண்டி, கோலாப்பூருக்கு அப்பால் கூட்டமில்லாத ஒரு பங்க்கில் நிறுத்தி 175 லிட்டர் போட்டார். மும்பைக்குப் போகவும், திரும்பி நிப்பாணிவரை வரவும் போதுமான அளவு அது. விலை 93 ரூபாயை ஒட்டி இருந்தது. நிப்பாணியில் போட்டிருந்தால் ஏறக்குறைய 900 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

நான் வெட்கத்தோடு எழுதுகிற பகுதி இனிமேல்தான் வருகிறது. பங்க்கில் இருந்த பையன் பில் புத்தகத்தைத் திறந்து, "எவ்வளவு எழுதட்டும்? பத்து லிட்டர் கூட்டி எழுதட்டுமா?" என்று சாதாரணமாகக் கேட்டான். நான் அருகில் நின்றேன். பத்து லிட்டர் கூட்டி எழுதினால் அந்த 900 ரூபாயும் சரியாகிவிடும். பிள்ளை மருத்துவமனையில் இருக்கிறாள்; நாளைக்கு எவ்வளவு செலவாகுமோ; முதலாளிக்கு இது ஒரு பெரிய தொகையா என்றெல்லாம் என் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. நான் வாய் திறக்கவில்லை. பிரசங்கபீடத்திலிருந்து கள்ளத்தராசைக்குறித்து எத்தனையோ முறை பேசிய நான், அந்த இடத்தில் மௌனமாக நின்றேன்.

அந்தச் சகோதரனோ, "போட்டதை எழுது தம்பி" என்றார். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அதன்பின் முதலாளிக்குத் தொலைபேசியில் சொன்னார்: "அண்ணா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. நிப்பாணியில் நிற்கவில்லை. கோலாப்பூரில் போட்டேன். கூடின தொகையை என் பேட்டாவில் பிடித்துக்கொள்ளுங்கள்." மறுபக்கத்தில் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை.

சாதாராவைத் தாண்டும்வரையில் இருவரும் பேசவில்லை. பின்பு நான், "தம்பி, அந்தப் பையன் கேட்டபொழுது நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்" என்றேன்.

"இதற்கு ஏன் ஐயா மன்னிப்பு? லிட்டருக்கு லிட்டர் கணக்குப் பார்க்கிறவன் பில்லில் பொய் எழுதினால், பிறகு எந்தக் கணக்கும் எனக்கே நம்பிக்கையாக இராது. இன்றைக்குப் பிள்ளைக்காக என்று எழுதினால், அடுத்த நடையில் வீட்டு வாடகைக்காக என்று எழுதத் தோன்றும்" என்றார்.

காலை ஆறுமணிக்குக் கலம்போலியை அடைந்தோம். வண்டியை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போனோம். வாலிபர்களில் இருவர் இரத்தம் கொடுக்க ஆயத்தமாக இரவெல்லாம் அங்கே இருந்தார்கள். தகப்பனைக் கண்டவுடன் அந்தப் பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "இன்றைக்கும் போய்விடுவீர்களா?" என்பதுதான். ஆறு நாட்களுக்குப்பின் அவள் சுகமாகி வீட்டுக்கு வந்தாள்.

முதலாளி அந்த 900 ரூபாயையும் பேட்டாவிலிருந்து முழுவதுமாகப் பிடித்துக்கொண்டார். இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. சகோதரனுக்கு வரவில்லை. "நான்தானே பிடிக்கச் சொன்னேன் ஐயா" என்றார்.

பிரியமானவர்களே, நகரத்திற்குப் பிழைக்க வந்த நாம் யாவரும் ஏதோ ஒரு விதத்தில் இந்த ஓட்டுநரைப்போலத்தான் இருக்கிறோம். வாடகை எங்கே குறைவு, அரிசி எங்கே மலிவு, ஊருக்குப் பணம் அனுப்ப எங்கே கட்டணம் குறைவு என்று பார்த்துத்தான் குடும்பம் நடத்துகிறோம். அதில் குற்றம் இல்லை. அது இல்லாமல் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது. அப்படிக் கணக்குப் பார்க்கிற ஒருவனைப் பண ஆசைக்காரன் என்று நான் தீர்த்தது தவறு. காசைச் சரியாக எண்ணத் தெரிந்திருந்த அந்த மனிதனுக்கே, அதை எண்ணாமல் விடவேண்டிய நேரமும் தெரிந்திருந்தது.

அதன்பின் விலைகளும் மாறின. 2024 ஜூனில் கர்நாடகம் டீசல் வரியை 18.44 சதவீதமாக உயர்த்தியது. அடுத்த மாதமே மகாராஷ்டிரம் மும்பைப் பகுதியின் வரியை 24-லிருந்து 21 சதவீதமாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் முதல் நாளில் கர்நாடகம் மறுபடியும் 21.17 சதவீதமாக உயர்த்தியபொழுது, பெங்களூரில் டீசல் 91 ரூபாயைத் தொட்டது. மும்பையில் 90 ரூபாய் அளவே இருந்தது. அந்த மாதத்தில் கர்நாடக லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வாசலில் அவர் வழக்கம்போலக் கைப்பேசியோடு நின்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அருகில் போய், "தம்பி, இப்பொழுது எங்கே மலிவு?" என்று கேட்டேன்.

"இங்கேயேதான் ஐயா. இனி நிப்பாணியில் வரிசையில் நிற்கவேண்டியதில்லை, இரண்டு மணிநேரம் முன்னதாக வீட்டுக்கு வந்துவிடலாம்" என்றார்.