மேற்கூரையின் கறை



குச்சனூரில் நம் மதரஸாவுக்குப் பிள்ளைகளை ஏற்றி வரும் வெள்ளை வேனின் பக்கங்களில், மழைக்குப் பின் கறுப்புக் கோடுகள் வழிந்திருந்தன. இரும்பு நாரால் தேய்த்தோம். பெயிண்டில்தான் கீறல் விழுந்தது. அடுத்த மழையில் கோடுகள் மீண்டும் வந்தன.

பிறகே ஏணி வைத்து மேலே பார்த்தோம். கூரையில் படிந்த வயற்புழுதியும், வெயிலில் நைந்த ரப்பர் பட்டையின் கருமையும் மழைநீரோடு இறங்கியிருந்தன. சோப்பு நீர் காய்ந்து தடம் விழாதிருக்க வண்டியை நிழலில் நிறுத்தி, முதலில் கூரையைக் கழுவினோம். பின்னரே பக்கங்களை மென்துணியால் துடைத்து, மெழுகு பூசினோம்.

அன்று மாலை ஒரு மாணவன் தன்னிலும் இளையவனைக் கடுஞ்சொல்லால் ஏசினான். கண்டிக்க வாயெடுத்தவர்கள் அப்படியே நின்றுவிட்டோம். அது வகுப்பில் நாம் வழக்கமாகச் சொல்லும் சொல்.

பாவம் உள்ளத்தில் கரும்புள்ளியாய் விழும் என்றும், தவ்பாவால் அது துடைக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்த செய்தி திர்மிதியில் உள்ளது. பல்லாண்டுகளாகப் பாடம் நடத்திய ஹதீஸ் அது.

மறுநாள் வகுப்பின் முன்பாகவே பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர்களின் நாவைத் திருத்துமுன் நம் நாவைத் திருத்திக்கொள்ள வல்ல ரஹ்மான் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.