அடியாத நாயும் படியும்

"அடியாத மாடு படியாது" என்னும் பழமொழி மாட்டைக் கண்டு பிறந்தது. மாடே இல்லாத ஊர்களுக்கும் அது குடிபெயர்ந்து, முதலில் பிள்ளைகள் மீதும் பின்னர் வீட்டு நாய்கள் மீதும் ஏறி அமர்ந்துகொண்டது. பினாங்குத் தீவின் தமிழ் வீடுகளிலும் அதற்கு நெடுங்காலமாக ஓர் இடம் உண்டு. வண்ணப் பிளாஸ்டிக் கைப்பிடியுடன் மளிகைக் கடைகளில் கொத்தாகத் தொங்கும் ரோத்தானை அறியாத மலேசியத் தமிழாசிரியர் இரார். அதே தமிழ், "நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்றும் சொல்லி வைத்திருக்கிறது. முன்னது அடித்தால் படியும் என்கிறது. பின்னது என்ன செய்தாலும் படியாது என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட நாய்க்கு அடி மட்டும் மிஞ்சுகிறது. திருந்தும் என்ற நம்பிக்கைகூட அதன் பங்கில் இல்லை.

நாலடியார், நட்பைப் பற்றிப் பேசுமிடத்தில் யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகிறது. பல நாள் பழகியிருந்தும் யானை தன் பாகனையே கொல்லும். நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் அவனைக் கண்டு வால் குழைக்கும் என்பது அப்பாடலின் கருத்து. வகுப்பறையில் இதனை விளக்கும்போது நாயின் நன்றியுணர்வே பேசப்படுகிறது, அது முறையே. ஆயினும், வளர்த்தவன் எதற்காக வேலை எறிந்தான் என்று எந்த மாணவனும் எழுந்து கேட்பதில்லை. "எவ்வளவு அடித்தாலும் என் காலையே சுற்றி வருகிறது" என்று பெருமையோடு கூறும் நாய் வளர்ப்போர் இன்றும் உளர். அது சுற்றி வருவது அடியினால் விளைந்த பயனன்று. அடியையும் தாங்கிக்கொண்டு நிற்கும் உறவு.

ஜோர்ஜ் டவுனில், ஆயர் ஈத்தாம் சாலையை ஒட்டிய வரிசை வீடொன்றை எண்ணிப் பார்க்கலாம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். இவர்களோடு மணி என்னும் ஆறு மாத நாய்க்குட்டி. காலையில் எல்லாரும் வெளியேறிய பின் மணி ஒரு செருப்பைக் கடித்துக் குதறிவிடுகிறது. மாலையில் திரும்பும் மகன், "மணி, வா!" என்று அழைத்து, அருகில் வந்ததும் செருப்பைக் காட்டி நான்கு அடி கொடுக்கிறார். அன்று மணி கற்றுக்கொண்டது யாது? செருப்பைக் கடித்தது காலையில். அடி விழுந்தது மாலையில். இடையில் அது உறங்கியது, நீர் குடித்தது, பல்லியைத் துரத்தியது. கடைசியாக அது செய்த செயல், அழைத்தவுடன் வந்ததுதான். அடி அந்தச் செயலோடு ஒட்டிக்கொள்கிறது. சில வாரங்கள் கழித்து, "கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது, திமிர் பிடித்த நாய்" என்று அதே மனிதர் குறைபட்டுக்கொள்கிறார்.

"தப்புச் செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்" என்று சொல்வார்கள். காதை மடித்து, கண்ணைத் தாழ்த்தி, உடலைக் குறுக்கிக்கொள்ளும் அந்த முகம் உலகெங்கும் உள்ள நாய்களுக்குப் பொதுவானது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டில் 14 நாய்களைக் கொண்டு இதனைச் சோதித்தார். தின்னக்கூடாதென விலக்கிய தீனியைத் தின்ற நாயும் தின்னாத நாயும், உரிமையாளர் கடிந்துகொண்டபோது அதே முகத்தைக் காட்டின. அம்முகம் குற்றவுணர்வின் அடையாளம் அன்று. எதிரே நிற்பவரின் சினத்தைக் கண்டு எழும் அச்சத்தின் அடையாளம். செய்யாத குற்றத்துக்காக வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட மாணவனின் முகத்தைக் கண்டவர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

அடி பலிப்பதே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. செயல் நிகழும் அந்த நொடியில் விழும் அடி, அச்செயலை நிறுத்தக்கூடும். ஆனால், எதைச் செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. யார் முன்னால் செய்யக்கூடாது என்பதையே பெரும்பாலும் சொல்லித் தருகிறது. போர்ச்சுகல் நாட்டில் ஆய்வாளர்கள் வெவ்வேறு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 வீட்டு நாய்களை ஒப்பிட்டு, 2020ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தண்டித்துப் பழக்கப்பட்ட நாய்கள் பயிற்சியின்போது மனவழுத்தத்தின் அறிகுறிகளை மிகுதியாகக் காட்டின; அவற்றின் உமிழ்நீரில், அழுத்த வேளையில் சுரக்கும் கார்ட்டிசோலும் பயிற்சிக்குப் பின் கூடியிருந்தது. அடங்கி நிற்பதெல்லாம் அமைதி ஆகிவிடாது.

மாற்று வழி புதிதன்று. நற்பயன் தொடரும் செயல் மீண்டும் நிகழும் என்பதைத் தார்ண்டைக் என்னும் உளவியலார் 1898ஆம் ஆண்டிலேயே பூனைகளைக் கூண்டிலிட்டு ஆராய்ந்து எழுதினார். ஸ்கின்னர் அதனை விரிவாக வளர்த்தார். அவரிடம் பயின்ற பிரீலாண்டு தம்பதியர் விலங்குப் பயிற்சியைத் தொழிலாகவே நடத்தினர். கேரன் பிரையர் 1984ஆம் ஆண்டில் எழுதிய நூல் அதனைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. சாரம் எளிது. நாய் விரும்பத்தக்க ஒன்றைச் செய்கிறது. செய்த அந்த நொடியிலேயே ஒரு குறி ஒலிக்கிறது. "சபாஷ்" என்ற ஒரு சொல் போதும். உடனே பட்டாணி அளவு அவித்த கோழித் துண்டு கிடைக்கிறது. காலம் கடந்த பாராட்டும் காலம் கடந்த அடியைப் போலவே வீண். உட்கார்ந்த நாய் எழுந்த பின்னர் தீனி கொடுத்தால், எழுந்ததற்கே கூலி கொடுத்ததாகும்.

"இது இலஞ்சம் அல்லவா?" என்ற கேள்வி உடனே எழும், தமிழாசிரியர்கள் கூடும் இடத்தில் நிச்சயமாக எழும். இலஞ்சம் வேலைக்கு முன் காட்டப்படுவது; கூலி வேலைக்குப் பின் கொடுக்கப்படுவது. தீனியைக் கையில் ஆட்டிக் காட்டி "உட்கார், உட்கார்" என்று கெஞ்சுபவர் இலஞ்சம் கொடுக்கிறார். அவர் கை வெறுமையாக இருக்கும் நாளில் நாயும் உட்காராது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மீது மலைச்சரிவு மண் விழுந்து 31 பேர் மாண்டபோது, தீயணைப்பு மீட்புத் துறையின் மோப்ப நாய்கள் நாள்கணக்கில் சேற்றில் இறங்கித் தேடின. அடுத்த பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது ஃபிராங்கி, டெந்தி என்னும் இரு நாய்கள் மலேசிய மீட்புக் குழுவோடு அந்நாட்டுக்குச் சென்றன. இத்தகைய நாய்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் கூலி ஒரு பந்தும், அதை வைத்துப் பயிற்றுநரோடு சிறிது நேர விளையாட்டும்தான். அடிக்கு அஞ்சும் நாய் இடிபாட்டுக்குள் தானாக முனைந்து மோப்பம் பிடிக்காது. தவறினால் அடி விழும் என்றால் முயலாமல் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

அன்பாகப் பழக்குவதில் தீனி வாங்குவதும் தட்டிக்கொடுப்பதும் எளிய பகுதி. கடினமான பகுதி, ஒரே மாதிரி நடந்துகொள்வது. அதிலும் பினாங்கில் அது இரட்டிப்புக் கடினம். மணியின் வீட்டுக்கே திரும்பலாம். தாத்தா "உட்கார்" என்கிறார். பள்ளிப் பிள்ளைகள் "சிட்" என்கிறார்கள். எதிர்வீட்டு மலாய்ப் பெரியவர் வேலிக்கு அப்பால் நின்று "டூடோக்" என்கிறார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஹொக்கியன் மொழியில் "சே" என்கிறார். பாட்டியோ, "உக்காருடா கண்ணா, எத்தனை தடவை சொல்றது, உக்காரு" என்று ஒரு முழு வாக்கியத்தையே பொழிகிறார். நான்கு மொழி பேசும் தீவில் பிறந்ததனால் நாய்க்கு நான்கு மொழி தானாக வந்துவிடாது. அதற்கு இவை யாவும் ஓசைகள். எந்த ஓசையின் பின் கூலி வருகிறது என்பதே அதன் இலக்கணம். எம்மொழிச் சொல்லாயினும் ஆகுக. வீட்டார் கூடி ஒரு சொல்லைத் தெரிந்து, அதனையே, ஒரே ஒரு முறை, எல்லாரும் சொல்ல வேண்டும். தமிழே ஆகட்டும் என்று முடிவு செய்யும் வீடுகளில் பிள்ளைகளும் அச்சொல்லைப் பிழையின்றி ஒலிக்கப் பழகுகிறார்கள் என்பது உபரி இலாபம்.

சொல்லைவிடப் பெரிய சிக்கல் பசியாறும் மேசையடியில் இருக்கிறது. மேசை அருகே வந்து கெஞ்சக்கூடாது என்பது மருமகளின் சட்டம். ஒன்பது காலைகளில் எவரும் எதுவும் கொடுப்பதில்லை. பத்தாம் காலையில் பாட்டியின் மனம் இளகுகிறது. தோசை விள்ளல் ஒன்று மேசைக்கடியில் இறங்குகிறது. பத்தில் ஒன்றுதானே, என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். உண்மையில், கெஞ்சும் பழக்கத்தை அசைக்க முடியாதபடி ஊன்ற வேண்டுமானால் அதைவிடச் சிறந்த வழி இல்லை. எப்போதும் கிடைத்துவந்தது நின்றுபோனால் நாய் விரைவில் கைவிடும். எப்போதாவது கிடைப்பதோ, அடுத்த முறை கிடைக்கும் என்ற நம்பிக்கையை விடாமல் வளர்க்கும். நான்கு இலக்கக் குலுக்குச் சீட்டு விற்கும் கடையின் முன் நிற்கும் வரிசையும் இதே விதியால்தான் நீள்கிறது. இதில் நாயைக் குறை கூற ஒன்றுமில்லை. பாட்டியைக் குறை கூறவும் எவருக்கும் மனம் வராது. அந்தத் தோசை விள்ளலை மேசையடியில் போடாமல், வாசலருகே விரித்த பாயில் மணி அமைதியாகப் படுத்திருக்கும்போது கொண்டுபோய்க் கொடுக்கும்படி பாட்டியிடம் கேட்டுக்கொள்ளலாம். ஈகையும் நடக்கிறது, சட்டமும் நிற்கிறது. சட்டினியைத் துடைத்துவிட்டுக் கொடுப்பது நலம்; வெங்காயம் நாய்க்கு ஆகாது.

அடுத்தது தாவல். விருந்தினரைக் கண்டால் முன்னங்காலைத் தூக்கி மார்பில் பதிப்பது குட்டிகளின் இயல்பு. இந்நாட்டில் அது வெறும் குறும்பாக நின்றுவிடுவதில்லை. மலேசிய முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி நெறியில், நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவித் தூய்மை செய்ய வேண்டும். தொழுகைக்குப் புறப்பட்ட எதிர்வீட்டுப் பெரியவர் மீது மணி தாவினால், பல்லாண்டு அண்டைவீட்டு நட்பு ஒரு நொடியில் சங்கடப்படும். "தாவாதே" என்று கத்துவதும் முழங்காலால் இடிப்பதும் பலருடைய வழக்கம். கத்துவதும் இடிப்பதும்கூட விளையாட்டு நாய்க்கு ஒரு வகைக் கவனிப்பே. தாவும்போது வீட்டார் அனைவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான்கு காலும் தரையில் பட்ட நொடியில் "சபாஷ்" என்று கூறிக் கூலி கொடுத்தால், தரையே இலாபமான இடம் என்பதை அது கண்டுகொள்ளும். ஒருவர் திருப்பிக்கொள்ள மற்றொருவர் தூக்கிக் கொஞ்சினால் பயன் இல்லை. பழகும் வரையில் வாசலில் கயிற்றோடு நிறுத்திவைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

மாலையில் அடி வாங்கிய மணி, அழைத்தால் வராமற்போனதைச் சிறு குறையாக எண்ணலாம். 2015ஆம் ஆண்டை நினைவில் வைத்திருக்கும் பினாங்கு வாசிகள் அவ்வாறு எண்ணார். அவ்வாண்டு பெர்லிஸ், கெடா மாநிலங்களை அடுத்துப் பினாங்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழத் தப்ப வழியே இல்லாத நோய் அது; மக்களின் அச்சம் இயற்கையே. செப்டம்பரில் தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு ஆணையிட்டது. தடுப்பூசியே வழி என்று விலங்கு நல அமைப்புகள் வன்மையாக எதிர்த்தன. அத்தகைய நாள்களில், திறந்த வாயிற்கதவு வழியே நழுவி ஓடும் ஒரு வீட்டு நாய்க்கு, கழுத்தில் உரிமப் பட்டையும் காதில் விழும் ஒரு சொல்லும் தவிர வேறு துணை ஏது? "வா" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பி ஓடி வரும் நாய் பிழைக்கும். அச்சொல்லை அடிக்கு அழைப்பாகக் கற்ற நாய், அதைக் கேட்டதும் இன்னும் தொலைவாக ஓடும். ஆகவே "வா" என்பதை ஒருபோதும் கெட்டுப்போக விடக்கூடாது. வந்தால் எப்போதும் நன்மையே கிடைக்க வேண்டும். ஒரு மணி நேரம் தெருத்தெருவாக அலைக்கழித்த பின் வந்தாலும், அப்போதும் சினத்தை விழுங்கிக்கொண்டு "சபாஷ்" என்றே சொல்ல வேண்டும். மனிதருக்கு இதுவே எல்லாவற்றினும் கடுமையான பயிற்சி.

எஞ்சியிருப்பது வெடிச் சத்தம். தீபாவளிக்கு ஒரு சுற்று. சீனப் பெருநாளுக்கு மற்றொரு சுற்று. அதிலும் பினாங்கின் ஹொக்கியன் மக்கள், பெருநாளின் எட்டாம் இரவு நள்ளிரவில் ஒன்பதாம் நாள் பிறக்கும்போது விண்ணரசரின் பிறந்தநாளைக் கொண்டாடுவர். கடலோரத்துச் சியூ குலத்தாரின் மரக்கால் குடியிருப்பு முகப்பில் கரும்புக் கழிகளும் படையல்களும் நிறைந்திருக்க, தீவெங்கும் வாணவெடி அதிரும். கட்டிலடியில் நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் அச்சத்தை ஊக்குவித்ததாகும் என்று சிலர் தடுப்பர். அச்சம் ஒரு செயல் அன்று, கூலி பெற்று வளர்வதற்கு. அஞ்சிய உயிரை அணைத்துக்கொள்வதில் பிழை இல்லை. ஆனால் அந்த இரவில் பயிற்சி தொடங்க முடியாது. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே, பதிவு செய்த வெடியோசையைக் காதில் பட்டும் படாத அளவில் ஒலிக்கச் செய்து, ஓசை கேட்டதும் கோழித் துண்டு கொடுக்க வேண்டும். ஓசை முதலில், தீனி பின்னர், இவ்வரிசை மாறலாகாது. நாள்தோறும் சில நிமிடங்கள். மணி தீனியை மறுத்துத் தலையைத் திருப்பிக்கொண்டால் ஓசை மிகுந்துவிட்டது என்று பொருள். மறுநாள் ஒரு படி குறைத்துத் தொடங்க வேண்டும்.