எட்டு மாசம் தூங்கின டிவிஎஸ் 50

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆணி ஜாஸ்தி. பொட்டி தட்டற கை மூணு வாரம் முன்னாடி ஊருக்குப் போய் நிஜமாவே ஸ்பேனர் புடிச்சுது. அந்தக் கதைதான் இது. மெக்கானிக் அண்ணன்கள் யாராவது படிச்சா, தப்பு இருந்தா பின்னூட்டத்துல திட்டுங்க, வாங்கிக்கறேன்.

நமக்கு ஊர் புள்ளலூர், காஞ்சிபுரம் பக்கம். மகேந்திரவர்ம பல்லவனும் ரெண்டாம் புலிகேசியும் மோதின இடம்னு வரலாறு படிச்சவங்களுக்குத் தெரியும். 1780 செப்டம்பர் 10ஆம் தேதி ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியோட கம்பெனிப் படையை மடக்கினதும் இங்கதான். வெடிமருந்து வண்டிங்க தீப்புடிச்சு வெடிச்சதுல அந்தப் படை நிலைகுலைஞ்சு போச்சு. அப்பேர்ப்பட்ட ஊர்ல உக்காந்துக்கிட்டு, ஒரு வண்டிக்குள்ள நெருப்பே புடிக்க மாட்டேங்குதேன்னு நான் அரை நாள் பொலம்பினேன் :-)

வண்டி அப்பாவோட டிவிஎஸ் 50. நான் பொறக்கறதுக்கு முந்தின வருஷம் வாங்கினது. ஸ்டாண்டு போட்டு பெடல் மிதிச்சு ஸ்டார்ட் பண்ற பழைய மாடல். உர மூட்டை, புல்லுக்கட்டு, இஸ்கூல் பையோட நான், அப்புறம் இன்ஜினியரிங் ஹாஸ்டலுக்குப் போன என் ட்ரங்குப் பெட்டி, எல்லாத்தையும் சொமந்த வண்டி.

கண்ணுல புரை ஆபரேஷன் ஆன கொஞ்ச நாள்ல ஒரு சாயங்காலம் அப்பா வண்டியோட வரப்புல எறங்கிட்டார். அடி ஒண்ணும் இல்ல. நான்தான் சென்னையிலேர்ந்து போன்ல குதிச்சேன். "இனிமே வண்டிய தொட்டீங்கன்னா ஆக்கருக்குப் போட்டுடுவேன்"னு கத்தினேன். அவர் ஒரு வார்த்தை பேசல. மாட்டுக் கொட்டாய்ல நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிட்டார். அப்படியே எட்டு மாசம்.

ஐப்பசி மழையில ஒரு ராத்திரி, விறகு எடுக்கப் போன அம்மாவை தேள் கொட்டிடுச்சு. அப்பா நேரா கொட்டாய்க்கு ஓடியிருக்கார். பத்து நிமிஷம் பெடல் மிதிச்சிருக்கார். வண்டி அசையல. அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன் பைக்ல உக்கார வெச்சு காஞ்சிபுரம் கூட்டிட்டுப் போனாங்க. ஊசி போட்டு, ராத்திரி பூரா பாத்துட்டு, காலைல அனுப்பிட்டாங்க. அம்மா நல்லா இருக்காங்க. ஆனா அன்னியிலேர்ந்து போன் பண்ணா அப்பா "ம்" தவிர வேற எதுவும் சொல்றதில்ல.

இந்த நேரத்துல ஆபீஸ்ல ஒரு திங்கக்கிழமை கால். மின்னசோட்டாக்கார கிளையன்ட் செம கடுப்புல இருந்தார். கோடை பூரா கொட்டகையில கெடந்த அவரோட பழைய ஸ்னோமொபைல், மொதல் பனி விழுந்த அன்னைக்கு ஸ்டார்ட் ஆகலையாம். பனி மேல ஓடற வண்டி, முன்னாடி சறுக்குக்கட்டை, பின்னாடி பெல்ட்டு. கார்புரேட்டர்ல பிசினு, ஏர் பாக்ஸ்ல எலிக்கூடுன்னு பொலம்பினார். அதுவும் டூ ஸ்ட்ரோக்காம். அடப்பாவி, நம்ம வண்டியோட பெரியப்பா பையன்தானா நீ!

சும்மா தேடிப் பாத்தேன். கனடாவுல கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியேன்னு ஒரு மெக்கானிக். 1934 குளிர்காலத்துல அவரோட ரெண்டு வயசுப் பையனுக்கு குடல்வால் வந்து முத்திப் போச்சு. பாதை பூரா பனி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழியில்ல. பையன் போயிட்டான். பனி மேல போற வண்டிக்கு ஏற்கனவே முயற்சி பண்ணிட்டு இருந்த மனுஷன் அப்புறமும் விடல. 1937ல அவரோட பெல்ட்டு அமைப்புக்குக் காப்புரிமை கெடைச்சுது. இன்னைக்கு எல்லாரும் ஓட்டற சின்ன மாடலான ஸ்கீ-டூ 1959ல வந்துச்சு. படிச்சு முடிச்சதும் அந்த வாரமே ஊருக்கு பஸ் ஏறிட்டேன்.

இனி டீபக்கிங். இன்ஜின் ஓட மூணு சமாச்சாரம் வேணும்: பொறி, பெட்ரோல், காத்து. ஏர் ஃபில்டர் வாயில குளவி மண்ணுக்கூடு கட்டியிருந்துச்சு. தட்டி எடுத்தேன். அப்புறம் ப்ளக்கைக் கழட்டி, கேப்ல சொருகி, இன்ஜின் ஹெட்ல ஒட்ட வெச்சு பெடல் மிதிச்சா, பளிச்னு நீலப் பொறி. ஆனா அவ்ளோ மிதிச்சும் ப்ளக்கோட முனை காஞ்சு கெடந்துச்சு. அப்படின்னா உள்ள பெட்ரோல் போகல. ப்ளக் ஓட்டையில ரெண்டு சொட்டு பெட்ரோல் விட்டு மாட்டி மிதிச்சேன். டர்ர்ர்னு ரெண்டு செகண்டு ஓடி அணைஞ்சுது. பொறி ஓகே, கம்ப்ரஷன் ஓகே. டாங்க்குக்கும் இன்ஜினுக்கும் நடுவுலதான் பிரச்சினை.

அதுவரைக்கும் திண்ணையில முதுகைக் காட்டி உக்காந்திருந்த அப்பா, அந்த ரெண்டு செகண்டு சத்தத்துக்குத் திரும்பினார்.

"டாங்க்கை மொதல்ல காலி பண்றா. அடியில தண்ணி நிக்கும்."

பாட்டில்ல புடிச்சா, அடியில முத்து முத்தா தண்ணி. இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்கறாங்க. அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்துல சும்மா நின்னா கேக்கணுமா? கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தைக் கழட்டினா, பெட்ரோல் ஆவியாப் போயி, கலந்திருந்த ஆயிலும் மிச்சமும் சேர்ந்து வேப்பம்பிசின் மாதிரி ஒட்டிக்கெடக்கு. ஜெட்டோட ஓட்டை அடைச்சே போச்சு. நான் கம்பி எடுத்து குத்தப் போனேன்.

"குத்தாத. ஓட்டை பெருசாச்சுன்னா பெட்ரோல் குடிச்சே தீக்கும். ஊற வெச்சு ஊது."

அரை மணி நேரம் புது பெட்ரோல்ல ஊற வெச்சு, சைக்கிள் பம்ப்ல காத்தடிச்சேன். அப்பா வாங்கி சூரியனுக்கு நேரா புடிச்சுப் பாத்தார். ஆபரேஷன் பண்ண கண்ணாலயே. "தெரியுது"ன்னார். ஊசி முனை அளவு வெளிச்சம்.

மாட்டி, ஆயில் கலந்த புது பெட்ரோல் ஊத்தி, சோக் போட்டு, அப்பாவே பெடல் மிதிச்சார். நாலாவது மிதியில புடிச்சுக்கிச்சு. கொட்டாய் பூரா வெள்ளைப் பொகை. மாடு மெரண்டுச்சு. அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு அப்பா பெட்ரோல் டேப்பை மூடிட்டு வண்டியை ஓட விட்டார். ஒரு நிமிஷம் கழிச்சு அது தானா அணைஞ்சுது. "நாள்கணக்கா நிறுத்தறதுன்னா இப்படித்தான் அணைய விடணும். கிண்ணத்துல ஒரு சொட்டு நிக்காது."

"தெரிஞ்சும் ஏம்ப்பா அன்னைக்கு செய்யல?"

"உம்மேல கோவம். அப்படியே போட்டு மூடிட்டேன்." கொஞ்சம் நேரம் கழிச்சு, "அன்னைக்கு ராத்திரி மிதிக்கறப்போதான் நெனச்சேன்"னார்.

நான் என்னத்தை சொல்றது? போன்ல குதிச்சவன் நான்தானே. வண்டி மேல தப்பே இல்ல.

ஒரு ஒப்பந்தம் போட்டோம். பகல்ல மட்டும், ஊருக்குள்ள மட்டும். கண் டாக்டர் சொன்னா மெயின் ரோடு. வாரம் ஒரு தடவை கண்டிப்பா ஸ்டார்ட் பண்ணணும்.

ரெண்டு ஞாயித்துக்கெழமையா காலைல ஏழு மணிக்குப் போன் வருது. எடுத்தா பேச்சே இல்ல, டட்டட்டட்டட்னு சத்தம் மட்டும். அப்புறம் "ஆச்சு"ன்னு சொல்லிட்டு வெச்சுடறார்.

டிஸ்கி: பொறி பாக்கறப்போ பெட்ரோல் பாட்டிலை நல்லா தள்ளி வைங்க. ப்ளக் ஓட்டைப் பக்கம் மூஞ்சியை கொண்டு போகாதீங்க. வெடிமருந்து வண்டி கதை எங்க ஊருக்கு ஒண்ணு போதும் :-)