கழுத்தில் ஒரு பட்டன்

தனியாக வாழும் முதியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுகிறார். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. போன் கூடத்தில் இருக்கிறது. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. அடுத்து என்ன?

பல நேரங்களில் விழுவதைவிட, விழுந்த இடத்திலேயே கிடப்பதுதான் பெரிய ஆபத்து. மணிக்கணக்கில் கிடந்தால் உடலில் நீர் வற்றும், உடம்பு குளிர்ந்துபோகும், தரையில் அழுந்திய இடத்தில் புண் வரும். நசுங்கிய தசையிலிருந்து கசிவது சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இதற்காக வந்ததுதான் அவசர அழைப்பு பட்டன். சங்கிலியில் கோத்த டாலர் போலக் கழுத்திலோ, கடிகாரம் போலக் கையிலோ மாட்டிக்கொள்ளலாம். அழுத்தினால் வீட்டிலுள்ள ஒரு பெட்டிக்குச் செய்தி போகும். அந்தப் பெட்டி 24 மணி நேர மையத்தைக் கூப்பிடும். ஸ்பீக்கரில் ஒருவர் பேசுவார். பக்கத்து வீட்டுக்காரரையோ, பிள்ளைகளையோ, ஆம்புலன்ஸையோ அவரே அழைப்பார். 1970களிலேயே ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இது வந்துவிட்டது.

இவ்வளவு நல்ல பொருள் வீட்டில் இருந்தால் கவலை தீர்ந்ததா? அதுதான் இல்லை!

பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் 90 வயதைத் தாண்டிய 110 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. 66 பேர் விழுந்தார்கள். அவர்களில் 53 பேரால் ஒரு தடவையாவது தானாக எழ முடியவில்லை. 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தார்கள். பலரிடம் அழைப்பு பட்டன் இருந்தது. ஆனால் நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவில்லை!

ஏன்? சிலர் அதை மாட்டியிருக்கவில்லை. சிலருக்கு எப்படியாவது தானே எழுந்துவிட வேண்டும் என்ற எண்ணம். அமெரிக்காவில் 1980களின் இறுதியில் ஒரு டிவி விளம்பரம் வந்தது. "விழுந்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை" என்று ஒரு பாட்டி கதறுவார். நாடே அதை ஜோக்காக்கிச் சிரித்தது. அப்படிச் சிரிப்புக்கு ஆளான பொருளைக் கழுத்தில் தொங்கவிட யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆகவே, வாங்கும்போது முதல் கேள்வி விலை அல்ல. "இதை மாட்டிக்கொள்வீர்களா?" என்பதுதான். கழுத்திலா கையிலா என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். பிறகு இவற்றைப் பாருங்கள்:

1. தண்ணீர் பட்டாலும் வேலை செய்யுமா? குளிக்கும்போது கழற்றி வைத்தால், வழுக்கும் இடத்தில்தான் அது இருக்காது.

2. குளியலறையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் அழுத்திப் பார்த்தீர்களா? பெட்டியின் ஸ்பீக்கர் குரல் அங்கே கேட்கிறதா?

3. விழுந்ததைத் தானே கண்டுபிடிக்கும் வகையா? நல்லதுதான். ஆனால் நாற்காலியிலிருந்து மெதுவாகச் சரிந்தால் அது தவறவிடலாம். சும்மா கையை உதறினாலும் அலறலாம்.

4. தினமும் சார்ஜ் போட வேண்டுமா? ஸ்மார்ட் வாட்ச் அழகுதான். சார்ஜரில் கிடக்கும் வாட்ச் யாரையும் காப்பாற்றாது.

5. கதவை யார் திறப்பார்? பிரிட்டனில் வாசலுக்கு வெளியே எண் பூட்டு போட்ட சாவிப் பெட்டி வைக்கிறார்கள். இல்லாவிட்டால் கதவை உடைக்க வேண்டியதுதான்.

6. எந்த இணைப்பில் ஓடுகிறது? அமெரிக்காவில் 2022-ல் 3ஜி நிறுத்தப்பட்டபோது அதை நம்பியிருந்த பழைய கருவிகள் ஊமையாகிவிட்டன. பிரிட்டனில் பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனை டிஜிட்டலுக்கு மாற்றும்போது சிலரின் கருவிகள் செயலிழந்தன. 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. டிஜிட்டல் போன் கரண்ட் போனால் பேசாது. பேட்டரி துணை உண்டா என்று கேளுங்கள்.

வாங்கிக் கொடுத்த கையோடு ஒருமுறை அவரையே அழுத்திப் பேசச் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் திட்டமாட்டார், தவறுதலாக அழுத்தினாலும் கோபிக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். "தொந்தரவு கொடுக்கக் கூடாது" என்ற தயக்கம் போனால்தான், தேவைப்படும் நாளில் விரல் பட்டனைத் தேடும்.

ஆணியில் தொங்கும் பட்டன் பிள்ளைகளின் நிம்மதிக்கு மட்டும்தான். கழுத்தில் தொங்குவதுதான் பெரியவருக்கு. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது பணம் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம்.