செலவில்லாமல் சேர்ந்திருக்க ஒரு வழி

"ஏங்க, இந்த வாரம் எங்கே போறோம்?"

புதிதாகக் கல்யாணமான எந்த வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை இந்தக் கேள்வி வந்துவிடும். பேராவூரணிக்காரர்களுக்குப் பதில் பெரும்பாலும் பட்டுக்கோட்டை. கொஞ்சம் வசதி இருந்தால் தஞ்சாவூர். ஒரு படம், இடைவேளையில் பாப்கார்ன், முடிந்ததும் இரண்டு பிரியாணி, வண்டிக்குப் பெட்ரோல். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆயிரம் ரூபாய் காணாமல் போயிருக்கும். மாதத்துக்கு நான்கு ஞாயிறு என்றால் சின்னச் சம்பளக்காரர் என்ன செய்வார்?

சரி, பணம் போனால் போகட்டும். மூன்று மணி நேரம் இருட்டில் திரையைப் பார்த்தவர்கள் தங்களுக்குள் எவ்வளவு பேசியிருப்பார்கள்? பெண் பார்த்து, நிச்சயம் செய்து நடக்கும் கல்யாணத்தில் இருவரும் பழகுவதே தாலி கட்டிய பிறகுதான். கூட்டுக் குடும்பம் என்றால் வீட்டிலும் தனியாகப் பேச இடமில்லை. இரண்டு வருடம் ஆன பிறகும் ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியாத தம்பதிகள் நிறைய உண்டு.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சேர்ந்து ஒரு பொதுவேலை செய்வது!

கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வசதியான குடும்பம், அந்த அம்மா தலித் குடும்பம். இருவரையும் சேர்த்து வைத்தது காந்திய இயக்கப் பணி. சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று காத்திருந்து 1950-ல் மணந்தார்கள். 1968 டிசம்பர் 25 அன்று, அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் இந்தப் பக்கம் வந்து, நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கித் தரப் பாடுபட்டார்கள். 1981-ல் அதற்காகவே லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். 2008-ல் ரைட் லைவ்லிஹுட் விருது இருவருக்கும் கிடைத்தது. ஜெகந்நாதன் 2013-ல் காலமாகும் வரை, அறுபது வருடத்துக்கும் மேல் நீடித்த தாம்பத்தியம் அது.

எல்லோரும் அப்படி வாழ முடியுமா? முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரம் முடியும்தானே...

அதற்கு உள்ளூரிலேயே வேலை இருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தப் பகுதித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது. அடுத்த வருடமே ஊர் இளைஞர்களும் விவசாயிகளும் 'கைஃபா' என்ற சங்கமாகச் சேர்ந்து 564 ஏக்கர் பெரியகுளம் ஏரியைத் தூர்வாரினார்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் ஏரி என்பது உயிர் மாதிரி. ஏரிக்கரையில் பனை விதை ஊன்றலாம். கீழே விழுந்த பனம்பழத்தைப் பொறுக்கினால் விதைக்குக் காசில்லை, ஐப்பசி மழைக்கு முன் ஊன்றினால் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. ரத்ததானமும் சேர்ந்தே போய்ச் செய்யலாம். ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

வேலை செய்யும்போதுதான் ஒருவரின் குணம் தெரியும். வெயிலில் யார் எரிச்சல்படுகிறார், களைத்துப்போனவருக்கு யார் முதலில் தண்ணீர் நீட்டுகிறார் என்பதெல்லாம் தியேட்டரில் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. ஏரிக்கரையில் இருந்து திரும்பியதும் கணவர் டிவி முன் உட்கார, மனைவி மட்டும் அடுப்படிக்குப் போனால் அது அவருக்கு இரட்டை வேலை. அன்றைய சமையலிலும் இருவர் கை இருக்க வேண்டும். வீட்டில் செய்யாத சேவையை ஊருக்குச் செய்து என்ன பயன்?

ஊன்றிய பனை நுங்கு தரப் பத்துப் பதினைந்து வருடமாவது ஆகும். அந்த நுங்கை இருவரும் சேர்ந்து சாப்பிட்டால், அதைவிட நல்ல விருந்து எந்த ஓட்டலில் கிடைக்கும்?