முதல் விண்ணப்பதாரர்

வல்லக்கோட்டை முருகன் ஏழடி உயரம். கிருத்திகைக்குக் கிருத்திகை என் மாமியார் அந்தச் சன்னதியில் நின்று, "என் பிள்ளைக்குக் கனடா கிடைக்கணும்" என்று வேண்டிக்கொள்வார். பிள்ளை என்றால் அவருடைய மகன். நானும் என் மகளும் பிள்ளையோடு தானாகப் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்பது அவர் கணக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், என் கணக்கும் அதுவாகத்தான் இருந்தது.

சென்னையில் ஒரு ஏஜென்ட் அலுவலகத்தில் படிவம் நிரப்பினார்கள். 'முதல் விண்ணப்பதாரர்' என்ற இடத்தில் என் கணவர் பெயர், 'உடன் வரும் துணை' என்ற இடத்தில் என் பெயர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அந்த ஆள் கேட்கவில்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பொறியாளராக ஆறு வருஷத்துக்கும் மேல் வேலை செய்தவள் நான். பிரசவத்துக்குப் பிறகு ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேன். கணவரும் அதைச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தால் எனக்கு உறுத்துவது அந்த மூன்றாவது மௌனம்தான்.

நைட் ஷிஃப்ட் இல்லாத ஒரு வாரத்தில், மகள் தூங்கிய பிறகு, கனடா அரசின் இணையதளத்தில் இருக்கும் மதிப்பெண் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். குடியேற வருபவர்களை மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கனடா 1967இல் கொண்டுவந்தது. 2015 ஜனவரியிலிருந்து அது எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற பெயரில் நடக்கிறது. வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். மொத்தம் 1,200. தம்பதியில் யார் பெயரை முதலில் போட வேண்டும் என்று அந்த அரசு சொல்வதில்லை. அதை நாம்தான் முடிவு செய்கிறோம்.

முதலில் அவர் பெயரில் போட்டேன். வயது 36, அதற்கு 65. பி.இ. படிப்புக்கு 112. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் அவர் நான்கு பிரிவிலும் கனடாவின் மொழி அளவீட்டில் எட்டாம் படியில் இருந்தார், அதற்கு 88. படிப்பையும் அனுபவத்தையும் மொழியோடு சேர்த்துத் தருவது 38. துணையாக என் படிப்புக்கு 8, என் ஆங்கிலத்துக்கு 20. மொத்தம் 331.

பிறகு பெயர்களை மாற்றினேன். என் வயது 31, அதற்கு 90. படிப்புக்கு அதே 112. நான் ஒன்பதாம் படியில் இருந்ததால் மொழிக்கு 116, சேர்த்துத் தருவதில் 75. துணையாக அவருக்கு 20. மொத்தம் 413. அதே குடும்பம், அதே சான்றிதழ்கள், 82 மதிப்பெண் வித்தியாசம். வீட்டில் இருந்த ஒன்றரை வருஷத்துக்காக ஒரு மதிப்பெண்ணும் குறையவில்லை. கடைசிப் பத்து வருஷத்தில் மூன்று வருஷத் திறன் வேலை இருந்தால் அனுபவத்துக்கு முழு மதிப்பெண். ஒரகடத்தில் நான் ஏறிய இன்டர்வியூக்களில் எல்லாம் "ஏன் இந்த இடைவெளி?" என்றுதான் முதல் கேள்வி வந்தது.

காலையில் நோட்டைக் கணவரிடம் நீட்டினேன். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "சரிதான்மா, ஆனா அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். நான் சொன்னேன். "அப்போ இவன் உன் பின்னாடியா வரணும்?" என்று கேட்டார் மாமியார். "பின்னாடி இல்ல அத்தை, கூடத்தான்" என்றேன். ஒரு வாரம் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அந்த 413 சும்மா வரவில்லை. முதல் தடவை நான் நைட் ஷிஃப்ட் முடித்துப் போய்த்தான் தேர்வு எழுதினேன். எழுத்துப் பிரிவில் 7க்குப் பதில் 6.5. அரை மதிப்பெண்தானே என்று நினைத்தேன். ஒன்பதாம் படிக்குக் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் சேர்த்துத் தரும் மதிப்பெண்கள் பாதியாகிவிடும். எனக்கு அந்த அரைக்கு 44 போயிருந்தது. இரண்டாவது தடவை இரண்டு நாள் லீவு போட்டு, மகளை என் அம்மா வீட்டில் விட்டு, தூங்கி எழுந்து போய் எழுதினேன். தூக்கமும் இந்தத் தேர்வுக்கான தயாரிப்புதான் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

அடுத்தது காகிதம். வேலைக் கடிதத்தில் பதவியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் கம்பெனி தாளில் வேண்டும். முதலில் வேலை பார்த்த இடத்தில் இரண்டு வருஷமும் என்னை 'ட்ரெய்னி' என்றே எழுதியிருந்தார்கள். என்னோடு சேர்ந்த பையன்கள் ஆறு மாதத்தில் இன்ஜினியர் ஆனார்கள். அன்று சண்டை போடாததன் விலை இன்று தெரிகிறது.

ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டார். தனியாகப் பணம் கொடுத்தால் கனடாவிலிருந்து வேலைக் கடிதம் வாங்கித் தருவதாகவும், அதற்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு என்றும் சொன்னார். அந்த மதிப்பெண்ணை 2025 மார்ச் 25ஆம் தேதியே கனடா எடுத்துவிட்டது. அவரை விட்டுவிட்டு விண்ணப்ப விவரங்களை நானே பதிந்தேன். அப்படிப் பதியக் கட்டணம் கிடையாது.

எங்கள் வீட்டு மாடியில் ஐந்து பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். ஊர் மாடிகளிலும் பெண்கள் நிறைந்துதான் இருக்கிறார்கள். இந்த ஐவரில் ஒருத்தி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள், செல்போன் அசெம்ப்ளி லைனில் வேலை. "அக்கா, எனக்கும் போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

பார்த்தேன். கனடா வேலைகளை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறது. திறன் தொழிலாளராக வர 0 முதல் 3 வரைதான் செல்லும். எலக்ட்ரானிக்ஸ் அசெம்ப்ளி நான்காம் நிலை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத திருகை எட்டு மணி நேரம் பிசகாமல் போடும் கைக்கு அந்தப் பட்டியலில் திறன் என்று பெயர் இல்லை. அதே கூரையின் கீழ் போர்டைச் சோதித்துப் பழுது பார்க்கும் டெக்னீஷியன் இரண்டாம் நிலை. அந்த மேசையில் பெரும்பாலும் ஆண்கள் உட்கார்ந்திருப்பதாக அவள் சொன்னாள். எது திறன் என்பது பட்டியல் எழுதுவதற்கு முன்பே, யாரை எந்த வரிசையில் நிறுத்துகிறார்கள் என்பதில் முடிவாகிவிடுகிறது. டெஸ்டிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேள், கிடைத்தால் அந்த ஆர்டரைப் பத்திரமாக வை என்றேன். கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் இல்லை.

எனக்கும் அழைப்பு வரவில்லை. 413க்கு இப்போது பொதுச் சுற்றுகளில் இடமில்லை. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான சுற்றுகளில் எல்லை 2025 மார்ச்சில் 379 வரை இறங்கியது. நான்கு பிரிவிலும் ஏழாம் படி வந்தால் அந்த வரிசையில் நிற்கலாம், கூடவே எனக்கு 62 மதிப்பெண் ஏறும். கம்பெனி பஸ்ஸில் போகவர ஒன்றரை மணி நேரம் காதில் பிரெஞ்சுப் பாடம் ஓடுகிறது. அடுத்த மாதம் எனக்கு 32 முடியும்போது வயதில் 5 போய்விடும். அதனால் அவசரம் உண்டு.

போவோமா என்று தெரியாது. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் என் சம்பளச் சீட்டுகள், அனுபவக் கடிதங்கள், மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் என் பெயர் எழுதிய ஒரு ஃபைலில் வந்து சேர்ந்திருக்கின்றன. கல்யாணமான நாளிலிருந்து அவை அவருடைய பீரோவில், அவருடைய ஃபைலின் அடியில் கிடந்தன. இதைப் படிக்கிற பெண்கள் எந்த நாட்டுக்கும் போக வேண்டாம். ஆனால் இரண்டு பெயரிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போன கிருத்திகைக்கு மாமியாரோடு கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டி, அவர் முதலில் என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.